அடுத்தடுத்த இரு மரபணுக்கள்: யானைக்கால் நோயும் எதிர்ப்பொருளின் வகையைத் தீர்மானிக்கும் செய்திப் புரதங்களும்

ஒரு நோய்க்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் குருதியில் மிகுதியாக இருந்தால் அந்த உடல் அக்கிருமியை வென்றுவிட்டது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. தடுப்பூசிகளின் வெற்றியை எதிர்ப்பொருளின் அளவைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் இக்கருத்தை மேலும் வலுப்படுத்தியுள்ளது. தென்னிந்தியக் கடற்கரையின் மிகப் பழைய நோய்களுள் ஒன்றான யானைக்கால் நோய் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. இந்நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவின் குஞ்சுகள் இரவுதோறும் யாருடைய குருதியில் திரளாக உலவுகின்றனவோ, அவருடைய குருதியிலேயே அப்புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருளும் ஏராளமாக இருக்கிறது. இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒரே உடலில் மோதலின்றி வாழ்கின்றன. எதிர்ப்பொருளின் அளவு மட்டுமே காப்பைத் தீர்மானிப்பதில்லை, அதன் வகையே முதன்மையானது என்பதையும், அந்த வகையைத் தீர்மானிப்பவை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்கள் என்பதையும் மனித உடலில் தெளிவாகக் காட்டிய நோய்களுள் இது ஒன்று. அதற்கான சான்றுகளில் கணிசமான பகுதி சென்னையில் நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது.

நீர்நிலமும் புழுவும்

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாரில் அரபிக்கடலோடு கலக்கிறது. பொழிமுகமும் காயலும் தென்னந்தோப்பும் தேங்கிய நீரும் அடுத்தடுத்து அமைந்த இத்தகைய நிலம், பூவாரிலிருந்து வடக்கே கொல்லம், ஆலப்புழை, கொச்சி வரை தொடர்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், அதை ஒட்டிய விளவங்கோடும் கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்களும் சென்னை மாநிலத்திலும் அமைந்தன. 1949 வரை இவை யாவும் திருவிதாங்கூர் என்ற ஒரே சமஸ்தானத்தின் பகுதிகளாக இருந்தமையால், இக்கடற்கரையில் யானைக்கால் நோயின் அறிவியல் வரலாறு திருவிதாங்கூரின் ஆவணங்களிலிருந்தே தொடங்குகிறது.

மலையாளத்தில் மந்து எனப்படும் இந்நோயை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் மலபார்க் கரையில் கண்டு எழுதியுள்ளார். 1872-இல் கல்கத்தாவில் பணியாற்றிய திமோத்தி லூயிஸ் மனிதக் குருதியில் புழுக்குஞ்சுகள் இருப்பதைக் கண்டறிந்தார். 1877-இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், அக்குஞ்சுகள் கொசுவின் உடலுக்குள் வளர்வதை நிறுவினார். திருவிதாங்கூரில் விரிவான கள ஆய்வு மேற்கொண்ட பூச்சியியலாளர் எம்.ஓ.டி. ஐயங்கார், இச்சமஸ்தானத்தில் ஃபைலேரியா நோய் பரவும் முறை குறித்த தம் நூலை 1938-இல் வெளியிட்டார். இந்தியாவில் இந்நோயின் மிகப் பெரும்பகுதியை உண்டாக்குவது வுச்சரேரியா பேன்கிராஃப்டி என்ற புழு. அதைச் சாக்கடையிலும் கழிவுநீரிலும் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு பரப்புகிறது. சேர்த்தலை வட்டாரத்திலோ புரூகியா மலாயி என்ற மற்றொரு புழு வேரூன்றியிருந்தது. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுப்பருவம், குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரை போன்ற செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்து காற்றைப் பெற்று வளர்வதால், அச்செடிகளை அகற்றுவதே அங்கு நோய்த் தடுப்பின் ஒரு பகுதியாயிற்று.

கொசு கடிக்கும்போது தோல்வழி உட்புகும் இளம்புழு நிணநீர் நாளங்களை அடைந்து முதிர்கிறது. நிணநீர் நாளம் என்பது திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் குருதியில் சேர்க்கும் நுண்குழாய். நோயெதிர்ப்புச் செல்கள் பயணம் செய்யும் பாதையும் அதுவே. எதிர்ப்பொருள் உருவாகும் நிணநீர் முடிச்சுகளுக்கு மிக அருகிலேயே தங்கி, பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, மைக்ரோஃபைலேரியா எனப்படும் குஞ்சுகளைத் தொடர்ந்து ஈனுகின்ற இப்புழுவை நோயெதிர்ப்பு மண்டலம் கவனிக்காமல் விட்டிருக்க இயலாது. உடல் கவனித்த பின்னும் புழு எவ்வாறு தப்புகிறது என்பதை அறிய, எதிர்ப்பொருள் உருவாகும் முறையை முதலில் அறிய வேண்டும்.

எதிர்ப்பொருள் உருவாகும் முறை

எதிர்ப்பொருள் என்பது பி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களும், அவற்றிலிருந்து முதிர்ந்து வரும் பிளாஸ்மா செல்களும் உருவாக்கும் புரதம். ஆங்கில எழுத்தான ஒய் வடிவில் அமைந்த அதன் இரு கைகளும் அயற்பொருளைப் பற்றுகின்றன. அடித்தண்டோ, பற்றிய பொருளை என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கிறது. அடித்தண்டின் வேறுபாட்டைக் கொண்டு எதிர்ப்பொருள்கள் ஐஜி-எம், ஐஜி-டி, ஐஜி-ஜி, ஐஜி-ஏ, ஐஜி-ஈ என ஐந்து வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஐஜி-ஜி மேலும் நான்கு உட்பிரிவுகளை உடையது. ஒரே அயற்பொருளை ஒரே விதமாகப் பற்றும் இரண்டு எதிர்ப்பொருள்கள், அடித்தண்டு வேறுபட்டால் முற்றிலும் வேறான விளைவுகளை உண்டாக்கக்கூடும்.

பி செல் தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியால் அயற்பொருளைப் பற்றியவுடன், செல்லுக்குள் கைனேஸ்கள் எனப்படும் நொதிகள் ஒன்றையொன்று தூண்டி அச்செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசெல்கின்றன. இத்தொடரில் புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்ற நொதி இன்றியமையாதது. அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி கடும் தொற்றுக்கு ஆளான ஒரு சிறுவனின் குருதியில் எதிர்ப்பொருள்களே இல்லாதிருந்ததை 1952-இல் விவரித்தார். இந்த நொதிக்கான மரபணுவில் நேரும் பிழையே அந்நோய்க்குக் காரணம் என்பது 1993-இல் தெரியவந்தது. அப்பிழை உள்ளவர்களிடம் பி செல்கள் முதிர்ச்சியடையாமலே நின்றுவிடுகின்றன.

அயற்பொருளைப் பற்றிய பி செல்லுக்கு, அதே அயற்பொருளை அடையாளம் கண்ட உதவி டி செல் என்ற மற்றொரு வகை வெள்ளணுவின் ஒப்புதலும் வேண்டும். டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி40 இணைப்புப் புரதம், பி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி40 ஏற்பியோடு பொருந்துவதன் மூலம் அந்த ஒப்புதல் அளிக்கப்படுகிறது. இந்த இணைப்புப் புரதத்துக்கான மரபணுவில் பிழையுடன் பிறக்கும் குழந்தைகளிடம் முதல்நிலை எதிர்ப்பொருளான ஐஜி-எம் இயல்பாகவோ மிகுதியாகவோ இருக்க, ஐஜி-ஜி, ஐஜி-ஏ, ஐஜி-ஈ ஆகியவை மிகக் குறைந்தோ இல்லாமலோ போகின்றன. முதற்செய்தி இல்லையேல் எதிர்ப்பொருளே இல்லை, இரண்டாம் செய்தி இல்லையேல் அதன் வகை மாறுவதில்லை என்பதை இவ்விரு பிறவி நோய்களும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகின்றன. மூன்றாம் செய்தியைச் சுமந்து வருபவை சைட்டோகைன்கள். ஒரு செல் வெளியிட்டு அண்டைச் செல்கள் ஏற்பிகளால் உணரும் சிறு புரதங்களான இவை, எதிர்ப்பொருளின் வகை எதுவாக வேண்டும் என்பதை அறிவிக்கின்றன.

வகைமாற்றத்தின் இயக்கம்

எதிர்ப்பொருளின் அடித்தண்டுக்கான மரபணுக்கள் மனிதனின் 14-ஆம் குரோமோசோமில் ஒரு தெருவில் வரிசையாக அமைந்த வீடுகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. ஐஜி-எம் மரபணு வரிசையின் தொடக்கத்திலும், ஐஜி-ஜி3, ஐஜி-ஜி1 முதலியவை இடையிலும், ஐஜி-ஜி4, ஐஜி-ஈ ஆகியவை அடுத்தடுத்து இறுதியை ஒட்டியும் அமைந்திருக்கின்றன. வகைமாற்றத்தின்போது இடையிலுள்ள டிஎன்ஏ வெட்டி நீக்கப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மரபணு முன்னே கொண்டுவரப்பட்டு ஒட்டப்படுகிறது. இந்த வெட்டைத் தொடங்கிவைக்கும் ஏ.ஐ.டி. என்ற நொதியை ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழுவினர் 1999-இல் அறிவித்தனர். அந்நொதி எங்கே வெட்ட வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பதில்லை. டிஎன்ஏவின் எப்பகுதி திறந்து படியெடுக்கப்படுகிறதோ அப்பகுதியையே அது வெட்டுகிறது. எனவே வகையைத் தீர்மானிக்கும் பொறுப்பு, குறிப்பிட்ட பகுதியைத் திறந்துவிடும் சைட்டோகைனிடம் வந்து சேர்கிறது.

1982-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இன்டர்லியூக்கின்-4 இவ்வகையில் நன்கு ஆராயப்பட்ட சைட்டோகைன். பி செல்லின் மேற்பரப்பிலுள்ள தன் ஏற்பியோடு அது பொருந்தியவுடன், ஏற்பியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜாக்-1, ஜாக்-3 என்ற கைனேஸ்கள் விழிப்படைந்து, ஸ்டாட்-6 என்ற புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. இவ்வாறு மாற்றமடைந்த ஸ்டாட்-6 மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் நுழைந்து, ஐஜி-ஈ, ஐஜி-ஜி4 ஆகிய இரு மரபணுக்களின் முன்பகுதிகளைப் படியெடுக்கத் தூண்டுகின்றன. ஒரே செய்தி இரண்டையும் திறக்கிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. இன்டர்ஃபெரான்-காமா என்ற மற்றொரு சைட்டோகைன் ஸ்டாட்-1 வழியாக இயங்கி, இன்டர்லியூக்கின்-4 உண்டாக்கும் ஐஜி-ஈ மாற்றத்தைத் தடுக்கிறது. உதவி டி செல்கள் வெளியிடும் சைட்டோகைன்களைக் கொண்டு அவற்றை முதல்வகை, இரண்டாம்வகை எனப் பிரிக்கலாம் என்று மோஸ்மன், காஃப்மன் முதலியோர் எலிகளில் 1986-இல் காட்டியது இத்துறையின் திருப்புமுனை. இன்டர்ஃபெரான்-காமா முதல்வகைக்கும் இன்டர்லியூக்கின்-4 இரண்டாம்வகைக்கும் அடையாளங்களாயின.

இன்டர்லியூக்கின்-4 இரு மரபணுக்களையும் திறக்குமானால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எது என்ற கேள்விக்கு விடையாக அமைந்தது, 1989-இல் அறியப்பட்ட இன்டர்லியூக்கின்-10. இச்சைட்டோகைனின் செய்தி பெரும்பாலும் ஸ்டாட்-3 வழியாகக் கடத்தப்படுகிறது. இன்டர்லியூக்கின்-4-உடன் சேர்ந்து வரும்போது இது ஐஜி-ஈ நோக்கிய மாற்றத்தைக் குறைத்து ஐஜி-ஜி4 உற்பத்தியை மிகுவிக்கிறது என்று 1990களின் இறுதியில் ஆய்வகங்களில் காட்டப்பட்டது. அருகருகே உள்ள இவ்விரு மரபணுக்களின் விளைபொருள்கள் செயலில் நேரெதிரானவை. ஐஜி-ஈ, மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் அமர்ந்து அயற்பொருளைக் கண்டதும் அச்செல்களிலிருந்து ஹிஸ்டமினை வெளியேற்றி அழற்சியைத் தூண்டுகிறது. இயோசினோஃபில் என்ற வெள்ளணுவைப் புழுவின்மீது ஏவவும் துணைசெய்கிறது. ஐஜி-ஜி4, குருதியிலுள்ள நிரப்புப் புரதங்களைத் தூண்டுவதில்லை; விழுங்கும் செல்களின் ஏற்பிகளோடும் வலுவாகப் பொருந்துவதில்லை. தன் பாதி மூலக்கூற்றை மற்றொரு ஐஜி-ஜி4-இன் பாதியோடு பரிமாறிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு என்று 2007-இல் நிறுவப்பட்டது. அயற்பொருளைப் பற்றிக்கொண்டும் போரைத் தொடங்காமல் இருந்தும், ஐஜி-ஈ பற்றவேண்டிய இடத்தை அடைத்துவிடும் எதிர்ப்பொருள் அது.

சென்னையிலிருந்து கிடைத்த சான்றுகள்

1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. அம்மையத்தின் எஸ்.பி. திரிபாதி, வி. குமாரசாமி முதலியோரும், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் எரிக் ஆட்டசன், தாமஸ் நட்மன் முதலியோரும் இணைந்து ஃபைலேரியா நோயாளிகளின் எதிர்ப்பொருளையும் சைட்டோகைன்களையும் நீண்ட காலம் ஆராய்ந்தனர். ஒரே ஊரில் ஒரே கொசுக்களால் கடிக்கப்படுவோருள் சிலர் அறிகுறி ஏதுமின்றிக் குருதியில் புழுக்குஞ்சுகளைச் சுமக்க, வேறு சிலர் குஞ்சுகள் இன்றிக் கால்வீக்கம் அடைவது ஏன் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகளுள் முதன்மையானது.

புழுவின் புரதங்களுக்கு எதிரான ஐஜி-ஈ உடலில் இருந்தும் ஒவ்வாமை எழாததற்குக் காரணம், அதைத் தடுக்கும் ஐஜி-ஜி எதிர்ப்பொருள்கள் அதே குருதியில் இருப்பதுதான் என்று இக்கூட்டுக்குழு 1981-இல் வெளியிட்டது. 1985-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, புழுவுக்கு எதிரான ஐஜி-ஜியில் நான்காம் உட்பிரிவு வியக்கத்தக்க அளவு மிகுந்திருப்பதை நிறுவியது. இயல்பான குருதியில் மொத்த ஐஜி-ஜியில் ஐந்து விழுக்காட்டையும் எட்டாத அந்த உட்பிரிவு, குஞ்சுகளைச் சுமப்போரிடம் மிக உயர்ந்து காணப்பட்டது. தடுக்கும் ஆற்றல் பெரும்பாலும் ஐஜி-ஜி4-இலேயே அடங்கியிருக்கிறது என்பது 1992-இல் உறுதிப்பட்டதும், பத்தாண்டுக்கு முன் எழுந்த கேள்வி விடை பெற்றது.

அடுத்து ஆராயப்பட்டவை சைட்டோகைன்கள். குஞ்சுகளைச் சுமப்போரின் டி செல்கள் புழுவின் புரதத்தைக் கண்டும் பெருகாமலும் இன்டர்ஃபெரான்-காமாவைப் போதிய அளவு வெளியிடாமலும் இருந்தன. ஆனால் இன்டர்லியூக்கின்-4 உற்பத்தி அவ்வாறு ஒடுங்கிவிடவில்லை என்பதை 1993-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதே நோயாளிகளின் செல்கள் இன்டர்லியூக்கின்-10-ஐ, தூண்டுதல் இன்றியும் புழுப்புரதத்தின் தூண்டுதலாலும், மிகுதியாக வெளியிடுகின்றன என்று 1996-இல் பதிவாயிற்று. இன்டர்லியூக்கின்-4 குறையாமல் இன்டர்லியூக்கின்-10 மிகும் சூழலில் ஐஜி-ஜி4 பெருகும் என்பது ஆய்வகத்தில் கண்ட விதி. குஞ்சுகளைச் சுமப்போரின் உடல் அவ்விதியை நடைமுறையில் காட்டிற்று.

கால்வீக்கம் கண்டவர்களின் நிலை வேறானது. அவர்களிடம் டி செல்களின் எழுச்சி அடக்கப்படுவதில்லை. ஐஜி-ஜி4 தாழ்ந்து, ஐஜி-ஜியின் பிற உட்பிரிவுகளும் ஐஜி-ஈயும் ஓங்குகின்றன. நிணநீர் வீக்கம் கண்டவர்களிடம் இன்டர்ஃபெரான்-காமா வெளியிடும் டி செல்களோடு, இன்டர்லியூக்கின்-17 வெளியிடும் டி செல்களும் எழுச்சி பெறுவதையும், அவற்றை அடக்க வேண்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறைவதையும் சுபாஷ் பாபு முதலியோர் 2009-இல் காட்டினர். புழுவை எதிர்க்கும் முயற்சியே நிணநீர் நாளத்தைச் சிதைப்பதில் பங்குகொள்கிறது என்பதால், கால்வீக்கத்தைப் புழுவின் வேலை என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. நீர் தேங்கிய தோலில் மீண்டும் மீண்டும் நேரும் பாக்டீரியத் தொற்றும் அச்சிதைவைப் பெருக்குகிறது.

ஐஜி-ஈ மிகும்போது

இன்டர்லியூக்கின்-10-இன் கட்டுப்பாடு இல்லாமல் ஐஜி-ஈ மிகுந்தால் நேர்வது என்ன என்பதை, வெப்பமண்டல நுரையீரல் இயோசினோஃபில் நோய் காட்டுகிறது. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரத்திலிருந்த காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் ஃப்ரிமோட்-மோல்லரும் பார்ட்டனும், காசநோயைப் போலத் தோன்றினாலும் காசநோயல்லாத, இயோசினோஃபில் மிகுந்த ஒரு நிலையை 1940-இல் விவரித்தனர். 1943-இல் வைன்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல இயோசினோஃபில் நோய் என்று பெயரிட்டார். இரவில் எழும் கடும் இருமலும் இளைப்பும் இதன் அடையாளங்கள். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் இயோசினோஃபில் 3,000-ஐக் கடக்க, மொத்த ஐஜி-ஈ ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 அலகைத் தாண்டிச் செல்கிறது. குருதியைச் சோதித்தால் புழுக்குஞ்சுகள் பொதுவாகத் தென்படுவதில்லை. நுரையீரலை அடையும் குஞ்சுகளை எதிர்ப்பொருளும் இயோசினோஃபிலும் சேர்ந்து அங்கேயே அழித்துவிடுவதால் அவை குருதியில் உலவுவதில்லை. அவ்வழிப்பின் விலையை நுரையீரல் கொடுக்கிறது. சென்னையில் வி.கே. விஜயன், குமாரசாமி முதலியோர் நட்மன் குழுவினருடன் இணைந்து 1989-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபைலேரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நோயாளிகளின் நுரையீரலைக் கழுவிய நீரிலும் நிறைந்திருப்பதைக் காட்டியது. மூன்று வாரங்கள் டைஎத்தில்கார்பமசின் என்ற புழுக்கொல்லி மாத்திரை உட்கொண்டால் இந்நோயாளிகளுள் பெரும்பாலோர் விரைவில் தேறுகின்றனர் என்பதே, புழுதான் இந்நோய்க்கு மூலம் என்பதற்கு வலுவான சான்று.

ஆக ஒரே புழு, மூன்று விதமான உடல்களில் மூன்று நிலைகளை உண்டாக்குகிறது: ஐஜி-ஜி4 மேலோங்கிய அமைதி, முதல்வகை டி செல்களின் எழுச்சியால் வரும் நிணநீர்ச் சிதைவு, ஐஜி-ஈ மேலோங்கிய நுரையீரல் அழற்சி. மூன்றிலும் எதிர்ப்பொருள் உண்டு. அவற்றை வேறுபடுத்துவது, எந்தச் சைட்டோகைன் எந்த அளவில் எந்த மரபணுவைத் திறந்தது என்பதே.

புழுவின் தலையீடு

இந்த அமைதியை உடல் மட்டுமே உருவாக்கவில்லை. புழுவும் செய்திப் பாதைகளில் தலையிடுகிறது. 2007-இல் வெளியான புரூகியா மலாயியின் மரபணுத்தொகுதி, ஏறத்தாழ 9 கோடி டிஎன்ஏ எழுத்துகளையும் சுமார் 11,500 புரத மரபணுக்களையும் கொண்டது. விழுங்கும் செல்களின் இடம்பெயர்வைத் தடுக்கும் மனிதச் சைட்டோகைனை ஒத்த புரதத்தையும், டிஜிஎஃப்-பீட்டா என்ற அடக்கும் சைட்டோகைனின் குடும்பத்தைச் சேர்ந்த புரதத்தையும் இப்புழு உற்பத்தி செய்வது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அயற்பொருளைத் துண்டாக்கி டி செல்லுக்குக் காட்டும் நொதிகளை முடக்கும் சிஸ்டாட்டின் வகைப் புரதமும் அதனிடம் உண்டு.

கொறிணிகளைத் தாக்கும் மற்றொரு ஃபைலேரியா புழு வெளியிடும் ஈஎஸ்-62 என்ற புரதத்தை ஸ்காட்லாந்தின் வில்லியம் ஹார்னெட், மார்கரெட் ஹார்னெட் ஆகியோர் பல்லாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். பாஸ்ஃபோரைல்கோலின் என்ற சிறு மூலக்கூற்றைச் சுமந்த அப்புரதம், பி செல்லின் ஏற்பியிலிருந்து உட்கருவுக்குச் செல்லும் கைனேஸ் பாதைகளை ஏற்பியிலிருந்து துண்டித்துவிடுகிறது. பி செல்லை அது கொல்வதில்லை. அயற்பொருளைப் பற்றியும் பி செல் முழுமையாக எழுச்சி பெறாதபடி செய்தியை வலுவிழக்கச் செய்கிறது. எதிரியின் உயிரைப் பறிக்காமல் எதிரியின் முடிவை மாற்றும் இம்முறை, பல்லாண்டு ஒரே உடலில் வாழவேண்டிய ஒட்டுண்ணிக்கு ஏற்றது. தங்கியிருக்கும் உடல் அழிந்தால் புழுவும் அழியும்.

அமைதியின் பிற விளைவுகள்

புழுவுக்காக உருவான அடக்கம் புழுவோடு நிற்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் பி. கலிராஜ், ஆர்.பி. நாராயணன் முதலியோர் நட்மனுடன் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபைலேரியா தொற்றுடையோருக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டபின் எழும் டி செல் எழுச்சியும் எதிர்ப்பொருள் எழுச்சியும் குறைபட்டிருப்பதைக் காட்டியது. புழுத்தொற்று பரவலாக உள்ள ஊர்களில் ஒரு தடுப்பூசி எதிர்பார்த்த பயனைத் தராவிட்டால், தடுப்பூசியின் தரத்தோடு மக்களின் உடலில் முன்னரே நிலவும் சைட்டோகைன் சூழலையும் ஆராய வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

மறுபுறம், இதே அடக்கம் வேறு அழற்சிகளையும் தணிக்கக்கூடும். சென்னை நகர்ப்புற, ஊரக நோய்த்தொற்றியல் ஆய்வின் பகுதியாகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, நீரிழிவு உள்ளோரிடையே ஃபைலேரியா தொற்று குறைவாகவும், இரண்டும் உடையோரிடம் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் தாழ்ந்தும் காணப்பட்டன. இது ஓர் இணைப்பைக் காட்டுகிறதே அன்றி, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவுவதில்லை. புழுவைக் காக்க வேண்டும் என்ற முடிவுக்கு இது இட்டுச்செல்லாது. புழு கையாளும் மூலக்கூறுகளிலிருந்து அழற்சி நோய்களுக்கு மருந்து காணலாம் என்ற திசையையே சுட்டுகிறது. இச்செய்திப் பாதைகளைப் பற்றிய அறிவு பிற நோய்களில் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துள்ளது: இன்டர்லியூக்கின்-4-இன் ஏற்பியை அடைத்து ஒவ்வாமைத் தோலழற்சியையும் ஆஸ்துமாவையும் தணிக்கும் டுபிலுமாப், ஐஜி-ஈயையே பற்றி முடக்கும் ஓமலிசுமாப், ஜாக் கைனேஸ்களைத் தடுக்கும் மாத்திரைகள் ஆகியவை இன்று மருத்துவர்களின் கையில் உள்ளன.

கண்டறிதலும் ஒழிப்பும்

எதிர்ப்பொருளின் வகையைப் பற்றிய இவ்வறிவு களப்பணிக்கும் உதவியது. புழுக்குஞ்சுகள் இரவிலேயே குருதியில் மிகுவதால், நள்ளிரவை ஒட்டி வீடுவீடாகச் சென்று குருதி எடுக்கும் முறையே நெடுங்காலம் நிலவியது. மொத்த ஐஜி-ஜியை அளந்தால் குடற்புழு முதலிய பிற புழுக்களால் எழும் எதிர்ப்பொருள்களும் குறுக்கிட்டுக் குழப்பும்; ஐஜி-ஜி4-ஐ மட்டும் அளந்தால் அக்குழப்பம் பெரிதும் குறைகிறது என்று 1988-இல் காட்டப்பட்டது. பேன்கிராஃப்டி புழுவைக் கண்டறிய, அதன் புரதத்தையே குருதியில் தேடும் விரைவுச் சோதனை உண்டு. புரூகியாவுக்கு அவ்வசதி இல்லாமையால், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரஹ்மா நூர்தீன் குழுவினர் அப்புழுவின் ஒரு புரதத்துக்கு எதிரான ஐஜி-ஜி4-ஐப் பகலிலேயே கண்டறியும் விரைவுச் சோதனையை உருவாக்கினர். புழுவைக் காக்கும் அதே எதிர்ப்பொருள் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமுமாயிற்று. மருந்தால் புழு அழிந்தபின் ஐஜி-ஜி4 படிப்படியாகத் தாழ்வதால், ஒழிப்புத் திட்டம் பயன்தருகிறதா என்பதை அறியவும் அது உதவுகிறது.

இந்தியாவில் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியது. அறிகுறி உள்ளோர், இல்லாதோர் என்று பாராமல் நோய் பரவிய மாவட்டங்களின் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை வழங்கும் திட்டம் 2004-இல் விரிவாக நடைமுறைக்கு வந்தது. டைஎத்தில்கார்பமசின், அல்பெண்டசோல் ஆகியவற்றோடு ஐவர்மெக்டினையும் சேர்த்த மும்மருந்து முறை 2018 முதல் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் பயன்படுத்தப்படுகிறது. 2027-க்குள் இந்நோயை ஒழிக்க இந்திய அரசு இலக்கு வகுத்துள்ளது. அண்டை நாடான இலங்கை, பொதுநலச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோயை ஒழித்துவிட்டதாக 2016-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது.

இத்திட்டங்கள் எதிர்கொள்ளும் பெருந்தடை, நலமாக இருப்பதாக உணர்வோர் மாத்திரையை விழுங்க மறுப்பது. தமக்கு வீக்கமும் காய்ச்சலும் இல்லாதபோது மருந்து எதற்கு என்ற அவர்களின் கேள்வி நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால் அறிகுறியின்மை என்பது பல வேளைகளில் நோயின்மையன்று, ஐஜி-ஜி4-உம் இன்டர்லியூக்கின்-10-உம் ஏற்படுத்திய அமைதி மட்டுமே என்பதை மேற்கண்ட ஆய்வுகள் நிறுவியுள்ளன. கொசுவுக்குப் புழுக்குஞ்சுகளை வழங்கிக்கொண்டிருப்போருள் பெரும்பாலோர் அந்த அமைதியில் வாழ்பவர்களே. கால்வீங்கியவர்களின் குருதியில் பெரும்பாலும் குஞ்சுகள் இருப்பதில்லை. ஆகவே நெய்யாறு முதல் வேம்பநாட்டுக் காயல் வரையிலான நீர்நிலங்களிலும், தமிழகக் கடலோரங்களிலும், நோய் பரவிய பிற மாவட்டங்களிலும் நலவாழ்வுப் பணியாளர் மாத்திரையோடு வரும்போது, மருத்துவர் விலக்கு அளித்தோரைத் தவிர மற்ற அனைவரும், குறிப்பாக உடலில் எந்தக் குறையும் தெரியாதவர்கள், அதை அவர் முன்னிலையிலேயே உட்கொள்ள வேண்டும்.